உபயப் பற்றுச்சீட்டு நிரல்: பேக்ஸ்லாஷும் திகதியும் பிழைக்கின்றன, உதவி தேவை

வடலி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கோயில் திருவிழா உபயகாரருக்குப் பற்றுச்சீட்டு அச்சடிக்கப் பைத்தனில் ஒரு சின்ன நிரல் எழுதுகிறேன். இதுவரை எல்லாம் கொப்பியில்தான். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பக்கத்தைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். இந்த முறை கொம்பியூட்டரில் செய்து தருகிறேன் என்று நானே பொறுப்பெடுத்தேன். கொடியேற்றத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

முதல் பிரச்சினை. தரவுக் கோப்பு 'டி' டிரைவில் இருக்கிறது. திருவிழா என்ற கோப்புறை, அதற்குள் 2024, அதற்குள் உபயம். மூன்றுக்கும் முன்னால் ஒவ்வொரு பேக்ஸ்லாஷ் (பின்சாய்கோடு). பெயர்கள் ஆங்கில எழுத்தில் உள்ளன: திருவிழா 'ரீ'யில் தொடங்கும், உபயம் 'யூ'வில் தொடங்கும். ஓடவிட்டால் அந்த வரியிலேயே யூனிகோட் எஸ்கேப் என்று ஒரு பிழை வருகிறது. அந்த வரியில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. தேடிப் பார்த்து, உபயத்துக்கு முன்னால் மட்டும் இரண்டு பேக்ஸ்லாஷ் போட்டேன். அந்தப் பிழை போனது, இப்போது கோப்பைத் திறக்க முடியவில்லை என்கிறது. கோப்பு அங்கேதான் இருக்கிறது, திறந்தும் பார்த்துவிட்டேன்.

இரண்டாவது, 13/07/2024 என்று வரவேண்டிய இடத்தில் 13/47/2024 என்று வருகிறது. திரும்ப ஓட்டினால் 13/52/2024. இது எங்கிருந்து வருகிறது என்றே விளங்கவில்லை.

தட்டாதெரு:
தங்கச்சி, இரண்டாவதை முதலில் முடிப்போம், அது சுகமானது. உங்கள் திகதி வடிவத்தில் சதவீதக் குறிக்குப் பிறகு பெரிய எம் போட்டிருப்பீர்கள். பைத்தனில் பெரிய எம் என்றால் நிமிடம், சின்ன எம் என்றால் மாதம். நீங்கள் ஓட்டிய நேரத்தின் நிமிடம்தான் 47, பிறகு 52. சின்ன எம் ஆக்குங்கள், சரியாகிவிடும்.

முதலாவதுக்கு வருவோம். மேற்கோள் குறிகளுக்குள் நீங்கள் எழுதுவது அப்படியே நினைவகத்துக்குப் போவதில்லை. பைத்தன் அதை முதலில் ஒருதரம் வாசிக்கும். அப்போது பேக்ஸ்லாஷைக் கண்டால் அடுத்த எழுத்தோடு சேர்த்துப் பொருள் தேடும். இதைத்தான் எஸ்கேப் என்பது. பேக்ஸ்லாஷும் 'என்' எழுத்தும் வந்தால் புதுவரி. பேக்ஸ்லாஷும் ரீயும் டாப் இடைவெளி. பேக்ஸ்லாஷும் சின்ன யூவும் வந்தால், "நான்கு பதினாறடி இலக்கம் தரப்போகிறேன், அந்த யூனிகோட் எழுத்தைப் போடு" என்று பொருள். உங்கள் உபயத்தில் யூவுக்குப் பிறகு பி, ஏ, வை வருகின்றன. பதினாறடி முறையில் இலக்கங்கள் 0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் வரை. பியும் ஏயும் அதில் உண்டு, வை இல்லை. அந்த இடத்தில் முறிந்து பிழை தந்தது.

அதைத் திருத்திய பிறகும் மற்ற இரண்டு அப்படியே இருக்கின்றன. திருவிழாவின் முதல் எழுத்து ரீ, அது டாப் ஆகிவிட்டது. 2024 இன்னும் மோசம். பேக்ஸ்லாஷுக்குப் பின் 0 முதல் 7 வரையான இலக்கங்கள் வந்தால் பைத்தன் அதிகபட்சம் மூன்றை எடுத்து எட்டடி எண்ணாக வாசிக்கும். 202 என்ற எட்டடி எண் பதின்மத்தில் 130. கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டுப்பாட்டு எழுத்து அது. மிஞ்சிய 4 மட்டும் தனியே நிற்கும். இதற்குப் பிழைச் செய்தியும் வராது. கணினி தேடியது வேறொரு பாதையை, அதனால்தான் திறக்க முடியவில்லை என்றது.

பாதையை அப்படியே அச்சிட்டுப் பார்க்காமல், ரெப்ர் என்ற செயற்கூறுக்குள் போட்டு அச்சிடுங்கள். நீங்கள் எழுதியதற்கும் பைத்தன் விளங்கிக்கொண்டதற்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரியும்: உண்மையான பேக்ஸ்லாஷ் இரண்டாக வரும், டாப் ஒற்றைப் பேக்ஸ்லாஷும் ரீயுமாக வரும். எஸ்கேப் பிரச்சினை எது வந்தாலும் நான் முதலில் செய்வது இதைத்தான்.

வடலி:
பார்த்தேன் அண்ணை! திருவிழாவுக்கு முன்னால் ஒற்றைப் பேக்ஸ்லாஷ்தான், உபயத்துக்கு முன்னால் மட்டும் இரண்டு. 2024 இருந்த இடத்தில் பேக்ஸ்லாஷ், எக்ஸ், 82, பிறகு 4. இரண்டு மணித்தியாலமாகக் கோப்பைப் பெயர் மாற்றியும் இடம் மாற்றியும் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதமும் இப்போது 07 என்று வருகிறது.

எல்லா இடத்திலும் இரட்டிப்பாக்குவதா, அல்லது மேற்கோளுக்கு முன்னால் 'ஆர்' எழுத்தைப் போடுவதா நல்லது?

தட்டாதெரு:
இரண்டும் வேலை செய்யும். ஆர் போட்டால் பேக்ஸ்லாஷுக்கு உள்ள விசேட பொருள் போய்விடும். ஆனால் ஆர் போட்ட சரம் (மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்துத் தொடர்) ஒற்றைப் பேக்ஸ்லாஷில் முடியக்கூடாது, முடிந்தால் மேற்கோள் மூடப்படவில்லை என்று பிழை வரும். கோப்புறைப் பாதையைப் பேக்ஸ்லாஷோடு முடிக்கும் பழக்கம் இருந்தால் அது கட்டாயம் ஒருநாள் வரும்.

நான் விண்டோசிலும் முன்சாய்கோடுதான் போடுகிறேன். பைத்தன் அதை ஏற்கும், எஸ்கேப் தொல்லை ஒன்றும் இல்லை. பாதைகளைக் கையாளும் பாத்லிப் என்ற பைத்தன் நூலகத்தைப் பாவித்தால் இன்னும் சுத்தம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பேக்ஸ்லாஷுக்குப் பிறகு பொருளில்லாத எழுத்து வந்தால், உதாரணத்துக்கு சின்ன டி, பைத்தன் இரண்டையும் அப்படியே விட்டுவிடும். "இவ்வளவு நாளும் ஓடியதே" என்று பலர் ஏமாறுவது இதனால்தான். கோப்புறையின் பெயர் தற்செயலாக நல்ல எழுத்தில் தொடங்கியிருக்கும், அவ்வளவுதான். பைத்தன் 3.12 முதல் அதற்கும் வெளிப்படையான எச்சரிக்கை வருகிறது. அதைக் கண்டால் தட்டிக்கழிக்க வேண்டாம்.

மணற்காடு:
நானும் சேர்ந்துகொள்கிறேன், இதே வில்லங்கத்தில் போன வருடம் ஒரு கிழமை போனது. நான் பாவிக்கும் மொழி பிஎச்பி. அதில் எஸ்கேப்பும் திகதி வடிவமும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

பிஎச்பியின் டேட் செயற்கூறில் சதவீதக் குறி கிடையாது. எழுத்தே குறியீடு. பற்றுச்சீட்டின் மேலே 'டேட்' என்ற ஆங்கிலச் சொல் வரட்டும் என்று வடிவத்துக்குள்ளேயே அதை எழுதினேன். டி, ஏ, ரீ, ஈ என்று நான்கு எழுத்து. பெரிய டிக்குக் கிழமையின் சுருக்கம், சின்ன ஏக்கு முற்பகலா பிற்பகலா என்பது, சின்ன ரீக்கு மாதத்தின் நாள் எண்ணிக்கை, சின்ன ஈக்கு நேரவலயத்தின் பெயர். 2024 ஓகஸ்ட் 13 பின்னேரம் ஓட்டினால் 'டேட்' என்ற சொல் வரவேண்டிய இடத்தில் 'டியூபிஎம்31ஏசியா/கொழும்பு' என்று வரும்.

ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் பேக்ஸ்லாஷ் போடவேண்டும் என்று வாசித்துவிட்டுப் போட்டேன். இரட்டை மேற்கோளுக்குள் போட்டேன். டியும் ஏயும் சரியாக வந்தன, ரீ இருந்த இடத்தில் ஒரு வெளி, ஈயையும் காணவில்லை. காரணம், இரட்டை மேற்கோள் சரத்தைப் பிஎச்பி முதலில் வாசிக்கிறது. அங்கே பேக்ஸ்லாஷ் ரீ டாப் ஆகிவிடும், பேக்ஸ்லாஷ் ஈ எஸ்கேப் விசையின் எழுத்தாகிவிடும். டேட் செயற்கூறின் கைக்குப் போகும்போது பேக்ஸ்லாஷே மிஞ்சியிருக்காது. டிக்கும் ஏக்கும் அங்கே விசேட பொருள் இல்லாததால் அவை தப்பிப் போயின. ஒற்றை மேற்கோளுக்கு மாற்றியதும் தீர்ந்தது.

கொக்குவில் டீச்சர்:
மணற்காடு தம்பி சொன்னதுதான் இந்த முழு விஷயத்தின் அடி. மாணவர்களுக்கு நான் இதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்பேன்: இந்த வரியை முதலில் வாசிப்பவர் யார், அவர் வாசித்து முடித்ததை அடுத்து வாசிப்பவர் யார்? சரத்தை மொழி வாசிக்கிறது. மிஞ்சியதைத் திகதிச் செயற்கூறு வாசிக்கிறது. சிலவேளை மூன்றாவதாக ஒரு தரவுத்தளமோ ஜேசன் என்ற தரவு வடிவமோ வாசிக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தப்பிப்புக் குறி (எஸ்கேப்). பைத்தன் திகதி வடிவத்தில் சதவீதக் குறியே வேண்டுமென்றால் இரண்டு சதவீதக் குறி. எஃப் சரத்தில் (மேற்கோளுக்கு முன்னால் எஃப் போட்ட சரம்) நெளிவு அடைப்பு வேண்டுமென்றால் இரண்டு அடைப்பு. ஜாவாவில் திகதி வடிவத்துக்குள் சொல் எழுத ஒற்றை மேற்கோள், ஒற்றை மேற்கோளே வேண்டுமென்றால் அதுவும் இரண்டு. யாருக்குத் தப்ப வைக்கிறோம் என்று தெரியாமல் பேக்ஸ்லாஷை ஒன்று, இரண்டு, நான்கு என்று கூட்டிக்கொண்டே போகும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் ஓடும், மறுநாள் இன்னோர் இடத்தில் உடையும்.

எம் விஷயமும் மொழிக்கு மொழி மாறும். பைத்தனில் சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிடம். ஜாவாவில் நேர்மாறு. மையெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பெரிய எம் மாதத்தின் பெயர், நிமிடத்துக்குச் சின்ன ஐ. ஜாவாவில் இன்னொரு கிடங்கும் இருக்கிறது: பெரிய வை நான்கு போட்டால் அது வார ஆண்டு, அதாவது முழு வாரங்களாக எண்ணும் ஆண்டு. வருடம் முழுக்கச் சரியாக ஓடிவிட்டு மார்கழிக் கடைசி நாட்களில் மட்டும் அடுத்த வருடத்தைக் காட்டலாம். பரீட்சித்துப் பார்க்கும்போது டிசம்பர் 30, 31 இரண்டையும் கட்டாயம் கொடுத்துப் பாருங்கள்.

வடலி பிள்ளை, நமக்கு ஒரு வசதி இருக்கிறது, கவனித்தீர்களா? இந்தக் குறியீடுகள் எல்லாம் ஆங்கில எழுத்துகள். பிஎச்பி வடிவத்துக்குள் "திகதி" என்று தமிழில் எழுதினால் எந்த எஸ்கேப்பும் தேவையில்லை, அப்படியே வரும். ஆனால் பைத்தனில், அதுவும் விண்டோசில், திகதி வடிவத்துக்குள் தமிழ் எழுதவேண்டாம். கணினியின் மொழி, நாட்டு அமைப்பைப் (லொகேல்) பொறுத்துப் பிழை வரக்கூடும். திகதியைத் தனியே எடுத்து எஃப் சரத்தில் தமிழோடு சேருங்கள்.

வடலி:
நன்றி டீச்சர். அப்படியென்றால் மாதப் பெயரைத் தமிழில் எப்படி எடுப்பது? தமிழ் லொகேல் வைத்துப் பார்த்தால் "ஆகஸ்ட்", "பிப்ரவரி" என்று வருகிறது. கோயிலில் ஐயா பார்த்துவிட்டு, "இது இந்தியாக் காட் மாதிரி இருக்கிறது பிள்ளை" என்றார். எங்களுக்கு ஓகஸ்ட், பெப்ரவரி.

கொக்குவில் டீச்சர்:
பன்னிரண்டு பெயரையும் நீங்களே ஒரு பட்டியலாக எழுதிவிடுங்கள். மாத எண்ணில் ஒன்றைக் கழித்து எடுத்தால் போதும். யாழ்ப்பாணத்தில் எப்படி எழுதுகிறோமோ அப்படியே அச்சில் வரவேண்டும். கணினியில் இருப்பதுதான் சரியான எழுத்து என்று நம் பிள்ளைகள் நினைக்கத் தொடங்குவது எனக்கு உண்மையில் கவலை. அந்தப் பட்டியலை எழுத ஐந்து நிமிடம் போதும்.

வடலி:
செய்துவிட்டேன். அடுத்தது எக்செல். உபய நாட்களை ஒருவர் தன் மடிக்கணினியில் அடித்து எக்செல் கோப்பாகத் தந்தார். 13ஆம் திகதியில் இருந்து எல்லாம் சரி. 3ஆம் திகதி உபயம் மார்ச் 8 ஆகிவிட்டது, 5ஆம் திகதி மே 8 ஆகிவிட்டது. 8ஆம் திகதி மட்டும் தப்பிவிட்டது.

தட்டாதெரு:
8ஆம் மாதம் 8ஆம் நாள், எப்படி மாற்றினாலும் அதேதான்.

அந்த மடிக்கணினி அமெரிக்க ஆங்கில அமைப்பில் இருந்திருக்கும். 3/8/2024 என்று அடித்ததை எக்செல் மாதம் முதலில் என்று எடுத்து மார்ச் 8 என்ற உண்மைத் திகதியாகச் சேமித்துவிட்டது. 13/8 என்று அடித்ததற்குப் பதின்மூன்றாம் மாதம் இல்லை, ஆகவே அதை வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. ஒரே நெடுவரிசையில் இரண்டு வகை இருக்கிறது. திகதியாக இருப்பவற்றுக்கு நாளையும் மாதத்தையும் மாற்றிப் போடுங்கள், எழுத்தாக இருப்பவற்றை நாள், மாதம், ஆண்டு என்ற வடிவம் கொடுத்து வாசியுங்கள். எக்செல் கோப்பை வாசிக்கும் பாண்டாஸ் என்ற பைத்தன் நூலகத்திடம் ஊகிக்க விடவேண்டாம். பழைய பதிப்புகள் 3/8ஐ மார்ச் என்றும் 13/8ஐ ஓகஸ்ட் என்றும் சத்தமில்லாமல் எடுத்துவிடும்.

திருத்திய பிறகு ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் இடையில் சிறுகோடிட்டு, 2024-08-03 என்று சேமியுங்கள். இதுதான் ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் திகதி முறை. எழுத்தாக வரிசைப்படுத்தினாலும் நாள் ஒழுங்கு கெடாது, கோப்பின் பெயரிலும் போடலாம். சாய்கோடு போட்ட திகதியைக் கோப்பின் பெயரில் வைத்தால் விண்டோஸ் அதைக் கோப்புறை என்று நினைக்கும்.

ரொறன்ரோ சித்தப்பா:
பிள்ளை, உபய நாட்களைக் காட்டும் உங்கள் பரீட்சார்த்த இணையப் பக்கத்தை இங்கே திறந்தேன். எங்கள் உபயம் 13ஆம் திகதி. பக்கத்தில் 12 என்று காட்டுகிறது. அண்ணர் ஊரில் பார்த்தால் 13தானாம். எந்த நாளுக்குப் பூவுக்கும் பிரசாதத்துக்கும் சொல்வது?

வடலி:
சித்தப்பா, 13தான், அதில் மாற்றம் இல்லை. பக்கத்தை இப்போதைக்கு எடுத்துவிடுகிறேன். யாராவது சொல்லுங்கள், நான் 2024-08-13 என்றுதான் கொடுத்தேன், ஜாவாஸ்கிரிப்ட் ஏன் இப்படிச் செய்கிறது?

மணற்காடு:
நேரம் இல்லாமல் திகதி மட்டும் அந்த வடிவில் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை உலகப் பொதுநேர நள்ளிரவு என்று எடுக்கும். யாழ்ப்பாணத்தில் அது 13ஆம் திகதி விடிய ஐந்தரை மணி, நாள் மாறவில்லை. ரொறன்ரோவில் கோடையில் பொதுநேரத்துக்கு நான்கு மணித்தியாலம் பின்னால், அங்கே அது 12ஆம் திகதி இரவு எட்டு மணி. இங்கே இருந்து எத்தனை தரம் பரீட்சித்தாலும் இந்தப் பிழை கண்ணில் படாது.

மறுபக்கமும் உண்டு. இங்கே 13ஆம் திகதி நள்ளிரவு என்று உருவாக்கி ஐஎஸ்ஓ எழுத்தாக மாற்றினால் 12ஆம் திகதி 18:30 என்று வரும். அதில் முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்தால் ஒரு நாள் குறைந்துவிடும்.

உபயநாள் என்பது ஒரு நாள். கணம் அல்ல. அதற்கு நேரவலயமே தேவையில்லை. எழுத்தைச் சிறுகோட்டில் மூன்றாக வெட்டி, மாதப் பெயரை உங்கள் பட்டியலில் இருந்து எடுத்து, நேரடியாகக் காட்டுங்கள். ஜாவாஸ்கிரிப்டின் டேட் ஆப்ஜெக்டே வேண்டாம்.

கூடவே, ஜேசன் கோப்பைப் பார்த்தேன், தமிழெல்லாம் பேக்ஸ்லாஷ் யூ என்று எண்களாக இருக்கிறது. அது பிழையில்லை, வாசிக்கும்போது தமிழாகவே வரும். ஆனால் "உபயம்" என்ற சொல் ஐந்து குறியெண், ஒவ்வொன்றுக்கும் ஆறு எழுத்து, மொத்தம் முப்பது. கோப்பைத் திறந்து கண்ணால் சரிபார்க்கவும் முடியாது. பைத்தனில் ஜேசனை எழுதும் டம்ப்ஸ் செயற்கூறில் என்ஷுர் ஆஸ்கி என்ற தெரிவை ஃபால்ஸ் ஆக்கி, கோப்பைத் திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று எழுதுங்கள்.

பஞ்சாங்கம்:
நாளுக்கு நேரவலயம் வேண்டாம் என்பது சரி. நேரத்துக்கு வேண்டும், அதுவும் நம் நாட்டுக்குக் கவனமாக வேண்டும். நான் சாதகம் கணிக்கும் நிரல் ஒன்றைப் பராமரிக்கிறேன். இலங்கை எப்போதும் உலகப் பொதுநேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் என்று எண்ணை நேரே எழுதியிருந்தேன். 1998இல் பிறந்த ஒரு பிள்ளையின் லக்கினம் ஐயர் கையால் கணித்ததோடு பொருந்தவில்லை.

1996 மே 25 அன்று நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளி ஆறரை ஆக்கினார்கள். அதே வருடம் ஒக்ரோபர் 26 அன்று அரை மணித்தியாலம் குறைத்து ஆறு ஆக்கினார்கள். 2006 ஏப்ரல் 15 அன்றுதான் ஐந்தரைக்குத் திரும்பியது. பத்து வருடத்துப் பிள்ளைகளின் பிறந்த நேரம் இதற்குள் வருகிறது. பைத்தன் 3.9 முதல் உள்ள ஸோன்இன்ஃபோ என்ற நேரவலய நூலகத்தில் ஏசியா/கொழும்பு என்று கொடுத்தால் இதெல்லாம் அதற்குத் தெரியும். விண்டோசில் ரீசெட்டேட்டா என்ற பொதியையும் நிறுவவேண்டும்.

அதற்குத் தெரியாத ஒன்றும் உண்டு. அந்தக் காலத்தில் விடுதலைப் புலிகள் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய ஐந்தரை நேரமே பாவனையில் இருந்தது. கொழும்பு நேரத்தோடு அரை மணித்தியால வித்தியாசம். ஆகவே எங்கே பிறந்தது, எந்த மணிக்கூட்டைப் பார்த்து எழுதினார்கள் என்று தாயிடமோ அம்மம்மாவிடமோ கேட்கிறேன். நிரலில் அதற்கென்றே ஒரு கட்டம் வைத்திருக்கிறேன்.

வடலி:
நான் 2001. அம்மாவிடம் கேட்டேன், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி மணிக்கூடு என்றார். அப்படியென்றால் ஆறு மணித்தியாலம், சரிதானே?

பஞ்சாங்கம்:
ஓம், ஆறுதான்.

வடலி:
இன்று இருபது பற்றுச்சீட்டு அச்சடித்தோம். மாதம் ஓகஸ்ட் என்றே வருகிறது, ஐயா பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சித்தப்பா, புதிய பக்கம் ஏற்றியிருக்கிறேன், திறந்து பார்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. பழைய கொப்பிகளையும் ஏற்றச் சொல்கிறார்கள். அதில் "ஆவணி 5" என்று இருக்கிறது. அது ஓகஸ்ட் 5ஆ, தமிழ் ஆவணி ஐந்தா? எங்கள் வீட்டில் ஓகஸ்டையே ஆவணி என்றுதான் சொல்வார்கள்.

பஞ்சாங்கம்:
தமிழ் ஆவணி முதலாம் நாள் பெரும்பாலும் ஓகஸ்ட் 17இல் வரும், ஆகவே ஆவணி 5 ஓகஸ்ட் 21 ஆகலாம். இரண்டுக்கும் பதினாறு நாள் வித்தியாசம், கிழமை இரண்டு தள்ளிப் போகும். கொப்பியில் கிழமை எழுதியிருந்தால் அதை வைத்தே பிடிக்கலாம். எழுதவில்லை என்றால் பக்கங்களைப் புரட்டி 32ஆம் நாள் எங்காவது வருகிறதா என்று பாருங்கள். ஆனி, ஆடியில் 32 வருவதுண்டு, ஆங்கில மாதத்தில் வராது. முடிவாகும் வரை அந்த வரியை ஐஎஸ்ஓ திகதியாக மாற்றவேண்டாம், கொப்பியில் உள்ளபடி எழுத்தாகவே ஒரு கட்டத்தில் வையுங்கள்.

ரொறன்ரோ சித்தப்பா:
இப்போது 13 என்று வருகிறது பிள்ளை. பூவுக்குச் சொல்லிவிட்டேன்.

வடலி:
நல்லது சித்தப்பா. பஞ்சாங்கம் ஐயா, கொப்பியில் கிழமை இருக்கிறது, அதோடு ஒரு பக்கத்தில் "ஆனி 32" இருக்கிறது. அந்தக் கொப்பி தமிழ் மாதம்தான். மற்ற இரண்டு கொப்பியையும் நாளைக்கு இருந்து கிழமை பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறேன்.